டீமக்ஸில் காப்பி செய்த வரி எங்கே நின்றது?

நேயர்களுக்கு வணக்கம். லினக்ஸ் சர்வர்களில் தினமும் வேலை பார்க்கிறவர்களையும், கமாண்டு தட்டி வேலை வாங்கும் டெர்மினலை இப்போதுதான் தொட ஆரம்பித்திருக்கும் மாணவர்களையும் மனதில் வைத்து இன்று பேசுகிறேன்.

டீமக்ஸ் என்பது ஒரே டெர்மினலுக்குள் பல வேலைகளைத் திறந்துவைத்து நடத்த உதவும் புரோகிராம். அதற்குள் ஒரு பிழைச் செய்தி வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்கிறீர்கள். பிரவுசருக்குப் போய் பேஸ்ட் கொடுத்தால், காலையில் எப்போதோ காப்பி செய்த ஒரு முகவரி வந்து விழுகிறது. உடனே பலரும் செய்வது, எங்கிருந்தோ கிடைத்த நாலு வரியை டீமக்ஸின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒட்டுவது. சரிவராவிட்டால் இன்னும் நாலு வரி. கொஞ்ச நாளில் அந்த ஃபைலில் எந்த வரி எதற்கு என்று எழுதியவருக்கே தெரியாது. இது தேவையில்லாத அவஸ்தை. அந்த எழுத்து எந்த இடம் வரை வந்து நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான்.

டீமக்ஸை நிக்கலஸ் மாரியட் 2007-இல் வெளியிட்டார். 2009-இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அதைத் தன் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அதன் பெரிய பலம், நெட் போனாலும் சர்வரில் உங்கள் வேலை நிற்காது என்பது. சிக்கலும் அங்கேயே பிறக்கிறது. டீமக்ஸ் ஓடுவது சர்வரில்; பேஸ்ட் கொடுத்தால் எழுத்து வருகிற கிளிப்போர்டு இருப்பது உங்கள் மேஜை மேல் உள்ள லேப்டாப்பில். நடுவில், தொலைவில் உள்ள சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு, அதன் இந்த முனையில் டெர்மினல், அதற்குப் பின்னால் ஆபரேட்டிங் சிஸ்டம். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றுவார்களே, அப்படித்தான் இந்த எழுத்தும் வந்து சேர வேண்டும். ஒருவர் கை நீட்டாவிட்டால் கல் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் டீமக்ஸையே பாருங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி, பிறகு இடது சதுர அடைப்பை அழுத்தினால் காப்பி மோடு வரும். விஐ எடிட்டரின் கீ முறை வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேஸில் தேர்வு தொடங்கி, என்டரில் காப்பி முடியும். இப்போது பிரவுசருக்கு ஓடாதீர்கள். அங்கேயே கன்ட்ரோல்-பி, வலது சதுர அடைப்பு. எழுத்து வந்து விழுந்தால் டீமக்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். காப்பி செய்ததை டீமக்ஸ் வைத்துக்கொள்ளும் இடம் பஃபர். தானாகப் பெயரிட்ட பஃபர்களில் கடைசி 50-ஐ அது சாதாரணமாக வைத்திருக்கும். கன்ட்ரோல்-பி அழுத்திச் சமக்குறியைத் தட்டினால் பட்டியலே வரும். “காப்பி ஆகவே இல்லை” என்று சொல்கிறவர்களில் பலருக்கு, காப்பியான எழுத்து இந்தப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் போனது அவ்வளவுதான்.

மவுஸ் பற்றி ஒரு வார்த்தை. டீமக்ஸில் மவுஸை ஆன் செய்திருந்தால், இழுத்துத் தேர்வு செய்வது டீமக்ஸுக்குப் போகும், டெர்மினலுக்குப் போகாது. லினக்ஸில் பெரும்பாலான டெர்மினல்களில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் டெர்மினலே நேரடியாகத் தேர்வு செய்யும்; மேக்கில் ஐடெர்ம் 2 என்றால் ஆப்ஷன் கீ. திரையை இரண்டாகப் பிரித்திருந்தால் பக்கத்துப் பகுதியின் எழுத்தும் நடுக்கோடும் சேர்ந்து வந்துவிடும். கன்ட்ரோல்-பி, இசட் அழுத்தி அந்தப் பகுதியை முழுத்திரையாக்கிவிட்டு எடுங்கள். அவசரத்துக்கு இது போதும். ஆனால் திரைக்கு மேலே ஓடிப்போன நூறு வரிகளை இந்த வழியில் எடுக்க முடியாது.

அடுத்து இதன் உயிர்நாடி. எஸ்எஸ்எச் வழியாக வருவது வெறும் எழுத்துகளின் ஓட்டம். அந்த ஓட்டத்திலேயே “இதைக் கிளிப்போர்டில் வை” என்று டெர்மினலுக்குச் சொல்ல ஒரு வழி உண்டு. ஓஎஸ்சி 52 என்று பெயர். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலிலிருந்து வந்த வழக்கம். எஸ்கேப் எழுத்து, வலது சதுர அடைப்பு, 52, அரைப்புள்ளி, சி, மறுபடி அரைப்புள்ளி, அதன்பின் காப்பி செய்ய வேண்டிய எழுத்து, எதையும் சாதாரணக் குறிகளாக மாற்றும் பேஸ் 64 வடிவில், கடைசியில் பெல் எழுத்து. நம் ‘அ’, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் மூன்று பைட். மூன்று பைட் பேஸ் 64-இல் சரியாக நான்கு குறிகளாகும். ‘அ’ போகும்போது 4, கே, 6, எஃப் என்று போகும். டெர்மினல் அதைப் பிரித்து மறுபடி ‘அ’ ஆக்கிக் கிளிப்போர்டில் வைக்கும். சர்வரில் தனியாக எந்தக் கிளிப்போர்டு புரோகிராமும் வேண்டாம். இதனால்தான் தொலைவில் உள்ள சர்வர்களுக்கு நான் இதையே முதல் வழியாகச் சொல்கிறேன்.

இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. எஸ்கேப்பிலிருந்து பெல் வரை சொன்ன அந்த முழு வரிசையையும், கொடுத்ததை அப்படியே டெர்மினலுக்கு அனுப்பும் பிரிண்ட்எஃப் கமாண்டில் கொடுத்து, முதலில் உங்கள் லேப்டாப்பிலேயே, டீமக்ஸ் இல்லாமல் ஓட்டுங்கள். பேஸ்ட் கொடுத்தால் ‘அ’ வருகிறதா? வராவிட்டால் டெர்மினல் கை நீட்டவில்லை. டீமக்ஸ் கான்ஃபிக்கைத் தொடாதீர்கள். வந்தால், எஸ்எஸ்எச் போட்டுச் சர்வரில், அங்கும் டீமக்ஸ் இல்லாமல் ஓட்டுங்கள். அதுவும் வந்தால் டீமக்ஸுக்குள் போய், அதன் காப்பி மோடில் எடுத்துப் பாருங்கள். டீமக்ஸுக்குள் பிரிண்ட்எஃப்பை நம்பாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

டீமக்ஸில் செட்-கிளிப்போர்டு என்று ஓர் ஆப்ஷன். ஆஃப், எக்ஸ்டர்னல், ஆன் என்று மூன்று நிலை. 2017-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து இயல்பாக இருப்பது எக்ஸ்டர்னல். டீமக்ஸ் தான் காப்பி செய்ததை வெளியே அனுப்பும். தனக்குள் ஓடும் மற்ற புரோகிராம்கள் அனுப்பும் ஓஎஸ்சி 52-ஐக் கண்டுகொள்ளாது. பிரிண்ட்எஃப்பும் அப்படி ஒரு புரோகிராம்தான், விம் எடிட்டரும் அப்படித்தான். “காப்பி மோடில் எடுத்தால் வருகிறது, விம்மில் எடுத்தால் வரவில்லை” என்று யாராவது சொன்னால் என் பதில் இதுதான்: செட்-கிளிப்போர்டை ஆன் ஆக்குங்கள்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இதன் இன்னொரு முகம் வந்தது. லேப்டாப்பில் ஒரு டீமக்ஸ், அதற்குள் எஸ்எஸ்எச், சர்வரில் இன்னொரு டீமக்ஸ். உள்ளே இருந்த டீமக்ஸின் பட்டியலில் எழுத்து இருந்தது. வெளியே இருந்ததன் பட்டியல் காலி. அதைப் பார்த்தவுடனே அவரே சொல்லிவிட்டார்: “சார், வெளியில இருக்கிறதுக்கு உள்ள இருக்கிறதும் ஒரு புரோகிராம்தானே?” மிகச் சரியான கேள்வி. லேப்டாப்பில் உள்ள டீமக்ஸில் ஆன் என்று ஒரு வரி போட்டதும் எழுத்து வந்து சேர்ந்தது. சர்வரில் எதையும் மாற்றவில்லை. தடம் பார்த்து வருகிறவர்களுக்குக் கேள்வி தானாகக் கூர்மையாகிவிடுகிறது. இளைஞர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இன்னொரு இடத்திலும் எழுத்து நிற்கலாம். வெளியே உள்ள டெர்மினலுக்கு இந்த வசதி உண்டு என்று டீமக்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டீமக்ஸ் இன்ஃபோ என்ற கமாண்டைக் கொடுத்து, எம்எஸ் என்ற வரியைத் தேடுங்கள். அதன் எதிரே மிஸ்ஸிங் என்று இருந்தால் டீமக்ஸ் அனுப்பவே முயலவில்லை. 3.2 பதிப்பு முதல் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் ஆப்ஷனில் உங்கள் டெர்மினல் பெயரோடு கிளிப்போர்டு என்று சேர்த்தால் போதும்.

டெர்மினலே மறுப்பது ஏன் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எக்ஸ்டெர்மில் இது இயல்பாகவே மூடியிருக்கும். ஐடெர்ம் 2-இல் செட்டிங்ஸுக்குப் போய், டெர்மினலில் ஓடும் புரோகிராம்கள் கிளிப்போர்டைத் தொடலாம் என்று நீங்களே டிக் செய்து அனுமதி கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஓஎஸ்சி 52 கிளிப்போர்டில் எழுத மட்டுமல்ல, அதில் இருப்பதைப் படித்துச் சொல்லவும் கேட்கும். பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து ஒரு பாஸ்வேர்டைக் காப்பி செய்துவிட்டு, நம்பிக்கையில்லாத ஒரு சர்வரில் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் அனுமதி திறந்திருந்தால் அது அந்தச் சர்வருக்குப் போய்விடும். அலாக்ரிட்டி என்ற டெர்மினல் இயல்பாகவே எழுத மட்டும் விடுகிறது. உங்கள் டெர்மினலிலும் எழுதுவதைத் திறங்கள், படிப்பதை மூடியே வையுங்கள்.

டீமக்ஸும் டெர்மினலும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் வேறு வழியும் உண்டு. காப்பி செய்ததை, லினக்ஸின் எக்ஸ் விண்டோ திரையமைப்பில் எக்ஸ்கிளிப், வேலேண்ட் திரையமைப்பில் டபிள்யூஎல்-காப்பி, மேக்கில் பிபிகாப்பி என்று ஒரு புரோகிராமுக்கு அனுப்பலாம், 3.2 முதல் காப்பி-கமாண்ட் என்ற ஆப்ஷனே இருக்கிறது. எக்ஸ்கிளிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. எக்ஸ் விண்டோவில் பிரைமரி என்றும் கிளிப்போர்டு என்றும் இரண்டு தனித்தனித் தேர்வுகள். மவுஸின் நடுப்பட்டனில் விழுவது பிரைமரி, கன்ட்ரோல்-வியில் விழுவது கிளிப்போர்டு. எக்ஸ்கிளிப் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரைமரியில்தான் வைக்கும். நடுப்பட்டனில் வருகிறது, கன்ட்ரோல்-வியில் வரவில்லை என்றால் செலக்‌ஷன் கிளிப்போர்டு என்று சேர்த்துச் சொல்லவில்லை என்று பொருள்.

தொலைவில் உள்ள சர்வரில் எக்ஸ்கிளிப்பை இன்ஸ்டால் செய்வது வீண். டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பதில் வந்தால், டீமக்ஸ் பழைய லாகினின், எந்தத் திரை என்று காட்டும் டிஸ்ப்ளே மதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டீமக்ஸில் மறுபடி இணையும்போது, அதாவது அட்டாச் செய்யும்போது, அந்த மதிப்பு புதுப்பிக்கப்பட்டாலும், ஏற்கெனவே திறந்திருந்த ஷெல்களுக்கு அது போகாது. புதிதாக ஒரு விண்டோ திறந்து முயலுங்கள்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்துத் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸின் கிளிப்போர்டுக்கு எழுத்தை அனுப்பும் கிளிப் டாட் எக்ஸ்இ வழியாகத் தமிழை அனுப்பினால் குப்பை எழுத்தாக விழுவதுண்டு. நாம் அனுப்பும் யூடிஎஃப்-8-ஐ அது அப்படி எடுத்துக்கொள்ளாததே காரணம். ஐகான்வ் கமாண்டால் யூடிஎஃப்-16 எல்இ என்ற இன்னொரு குறியீட்டு முறைக்கு மாற்றி அனுப்பினால் சரியாகும். விண்டோஸ் டெர்மினல் வைத்திருந்தால் அந்தச் சுற்றும் வேண்டாம். அது ஓஎஸ்சி 52-ஐ ஏற்கிறது. பேஸ் 64 குறிகளாகப் போவதால் புள்ளியும் கொம்பும் சிதையாமல் தமிழ் அப்படியே வந்து சேரும்.

பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.