சாவி யார் கையில்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு நிறுவனத்தை நிலைநிறுத்துவது புதுமையா, தலைமையா? தலைமைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அக்கா புதுமைக்காக அழகாக வாதாடினார். புதுமை செய்யாததால் கேமராப் படச்சுருள் விற்ற கோடாக் கவிழ்ந்தது என்றார். சரியாக ஒட்டாத ஒரு பசையை வைத்து த்ரீ எம் நிறுவனம் மஞ்சள் ஒட்டுத்தாள் செய்து சம்பாதித்தது என்றார். கைதட்டலும் வாங்கினார், நானும் தட்டினேன். ஆனால் அக்கா, கோடாக் எங்கள் சாட்சி. தவறிப்போய் உங்கள் கூண்டில் ஏறிவிட்டது.

1975இல் தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் கேமராவை முதன்முதலில் செய்தது யார்? சோனியா? கேனனா? கோடாக்! ஸ்டீவன் சாசன் என்று 25 வயதுப் பொறியாளர். கேமரா ரொட்டி வாட்டும் கருவி அளவு இருந்தது, எடை 3.6 கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆகும். அப்புறம் அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத பொருள் அவர்கள் மேசைமேல் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள். படச்சுருளில் காசு, கழுவும் ரசாயனத்தில் காசு, அச்சிடும் தாளில் காசு என்று வந்துகொண்டிருந்த வீட்டில், சுருளே வேண்டாத கேமராவை யார் கொஞ்சுவார்கள்? பிற்பாடு கோடாக் டிஜிட்டல் கேமராவும் விற்றது, நான் மறுக்கவில்லை. மனசு மட்டும் சுருளிலேயே கிடந்தது. 2012 ஜனவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. புதுமை இல்லாமலா விழுந்தது? புதுமையை மடியில் வைத்துக்கொண்டே விழுந்தது.

அதே சுருள், அதே ஆபத்து, ஜப்பானில் ஃபியூஜிஃபிலிம். 2000இல் ஷிகெடகா கொமோரி தலைவரானார். அந்தச் சமயத்தில்தான் படச்சுருள் விற்பனை உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. அந்த மனிதர் கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கும். நம்மிடம் சுருளைத் தவிர என்ன தெரிந்த வித்தை இருக்கிறது? படச்சுருளில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது, நம் தோலிலும் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் படம் வெளுப்பதைத் தடுக்கும் ரசாயனம் அவர்களுக்கு அத்துப்படி. 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற முகப்பூச்சு கடைக்கு வந்தது. திரைகளுக்கான மெல்லிய படலம், மருந்து என்று மற்ற பக்கமும் கிளை விட்டார்கள். இதற்கு விலை இல்லாமல் இல்லை. 2006இல் புகைப்படப் பிரிவில் சுமார் 5,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும், ஐயா. ஆராய்ச்சிக்கூடம் போடாது.

சரி, ஜப்பான் தூரம். நம்ம கடலூருக்கு வருவோம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குமே ஷாம்பு பாக்கெட், இங்கே சிங்கப்பூரில் தேக்கா கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போட வேண்டும் என்று சின்ன பாக்கெட்டில் அடைக்கலாம் என நினைத்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். புதுமை அவருடையது. அதைப் பெரிய வியாபாரமாக அவரால் ஆக்க முடியவில்லை. அவர் மறைவுக்குப் பிறகு பிள்ளைகள் எடுத்து நடத்தினார்கள். அதில் சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலைவிட்டு 15,000 ரூபாயோடு தனியாக வெளியே வந்தார். அப்பா பெயரின் எழுத்துகளிலேயே சிக் ஷாம்பு. இதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

அவர் செய்ததைக் கேளுங்கள். ஊர் ஊராகப் போய், பையன்கள் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டி, 'தொட்டுப் பாருங்கள்' என்று சுற்றி நின்றவர்களைத் தொடவிட்டார்கள். இன்னொரு திட்டம் அதைவிடக் குறும்பு. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். மக்கள் பழகிய பிறகு மெல்ல விதியை மாற்றினார்: இனி காலி சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான்! போட்டிக்காரன் வாடிக்கையாளரைத் தன் வாசலுக்கு வரவழைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற வேலை. பாக்கெட் அன்றும் அதே பாக்கெட்தான், அப்பா காலத்திலும் அதே பாக்கெட்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். கொள்கலனில், அதாவது கன்டெய்னர் பெட்டியில், சரக்கு ஏற்றும் யோசனை சிங்கப்பூருடையது இல்லை. அமெரிக்காவில் லாரித் தொழில் செய்த மால்கம் மெக்லீன், 1956இல் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 58 கொள்கலன்களை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உலகம் முழுக்கப் பார்த்தது. எல்லாத் துறைமுகத்துக்கும் அதே செய்திதான் போனது. கொள்கலன் கப்பல்கள் நம் பக்கம் வருமா என்பதே சந்தேகமாக இருந்த 1960களின் இறுதியில், இங்கே துறைமுக ஆணையம் தஞ்சோங் பகாரில் முனையம் கட்டத் துணிந்தது. 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களோடு வந்து நின்றது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம். அந்தத் தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கத்தில் இருப்பீர்கள். முதுகில் சுமந்ததைப் பாரந்தூக்கி சுமக்கும் என்று முடிவெடுப்பது எத்தனை குடும்பத்தின் பிழைப்பைத் தொடுகிற முடிவு! வெளியூர்க்காரன் யோசனை, நம் ஊரில் எடுத்த முடிவு. எதிரணியினர் எந்த ஊர்க் கணக்கில் எழுதுவார்களோ தெரியாது.

இன்னொன்று, இது எனக்கே கொஞ்சம் வலிக்கும். நம் ஊர் கிரியேட்டிவ் நிறுவனத்தை உருவாக்கிய சிம் வோங் ஹூ மேல் எனக்கு மரியாதை உண்டு. கணினியில் ஒலி கேட்க அவர்கள் செய்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்காக சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் மாடி மாடியாக ஏறி இறங்கியவன் நான். ஆயிரக்கணக்கான பாட்டை வன்தட்டில் வைத்துக் கேட்கும் கருவியை அவர்கள் 2000இலேயே விற்றார்கள். ஆப்பிளின் ஐபாட் வந்தது 2001 அக்டோபரில். காப்புரிமைத் தகராறில் 2006இல் ஆப்பிள் கிரியேட்டிவுக்கு 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி (டாலர்) கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. முதலில் கண்டுபிடித்தவருக்கே நாற்காலி என்றால், எம்ஆர்டி ரயிலில் ஒருவர் காதிலாவது கிரியேட்டிவ் இருக்க வேண்டாமா?

புதுமை கூடிப்போனாலும் சிக்கல் உண்டு. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளைச் செய்யும் லெகோ 2003, 2004இல் பெரும் நஷ்டத்தில் தவித்தது. பூங்கா, உடை, புதுப் புதுத் துண்டுகள் என்று ஓடிக் களைத்த வீடு. 2004இல் 35 வயது யோர்கன் விக் குனுட்ஸ்டார்ப் பொறுப்பேற்றார். துண்டு வகைகளைப் பாதியளவுக்குக் குறைத்தார், பூங்காக்களில் பெரும்பங்கை விற்றார், பழையபடி கட்டைக்கே திரும்பினார். போதும், நிறுத்து என்று சொல்லிப் பிழைக்கவைத்தார்.

அக்காவின் மஞ்சள் தாளுக்கு ஒரே வரிதான். ஸ்பென்சர் சில்வர் அந்தப் பசையைச் செய்தது 1968, தாள் பரவலாகக் கடைக்கு வந்தது 1980. பன்னிரண்டு வருஷம் புதுமை என்ன செய்துகொண்டிருந்தது? வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற விதி அங்கே இருந்ததால்தான் ஆர்ட் ஃபிரை என்பவர் அதைத் தோண்டி எடுக்க முடிந்தது. விதியை எழுதியது பசையா?

மணி அடிக்கப்போகிறது, என் கதையோடு நிறுத்துகிறேன். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். உணவறைச் சுவரில் யோசனைப் பெட்டி ஒன்று தொங்கும், பூட்டோடு. இரண்டு வருஷம் யாரும் திறந்து பார்க்கவில்லை. புதிதாக வந்த மேலாளர் அம்மா முதல் வாரமே சாவி கேட்டார். யாரிடமும் இல்லை. திருப்புளியால் நெம்பினார். உள்ளே மிட்டாய்க் காகிதம் நாலு, சீட்டு பதினொன்று. ஒரு சீட்டில் தமிழில் எழுதியிருந்தது: 'தினமும் போகும் சரக்கைக் கதவுப் பக்கம் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் இவ்வளவு ஓட வேண்டாம்.' என்னைப் படிக்கச் சொன்னார், படித்தேன். அடுத்த மாதம் அடுக்குகள் இடம் மாறின. எங்கள் வேலை ஒரு மணி நேரம் முன்னதாக முடிய ஆரம்பித்தது. சீட்டு எழுதிய புதுக்கோட்டைத் தம்பி அதற்குள் வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பியிடம் ஒன்றுதான் கேட்கிறேன். யாரும் நெம்பாமல், தானாகவே பூட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்த சீட்டு ஒன்றே ஒன்று காட்டுங்கள். அடுத்த வாரம் உங்கள் அணியிலேயே வந்து உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.