துட்டுல கலப்படம் பண்ண ரோம் எப்படி புட்டுக்கிச்சு

வணக்கம் மக்களே, ஹாரன் சத்தத்துக்கு மன்னிச்சுக்கங்க, நம்ம தங்கசாலைல தான் நிக்கிறேன், பின்னாடி மீன்பாடி வண்டி வந்துகினே இருக்கும், கண்டுக்காதீங்க. இந்தத் தெருவுக்கு இந்தப் பேர் வந்ததே கம்பெனிக்காரன் காலத்துல இங்க காசு அடிச்சதால தான், அதான் ரோம் கதைய இங்கயே சொல்லிரலாம்னு வந்துட்டேன்.

போன வாரம் எங்க ஆயாவோட பழைய கொலுச எடுத்துட்டு ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் கல்லுல ஒரு இழு இழுத்தாரு, ஒரு சொட்டு ஆசிட் விட்டாரு, 'அறுபது டச் தான் பாட்டி' அப்டின்ட்டாரு. ஆயா மூஞ்சியப் பாக்கணுமே! நாப்பது வருஷமா வெள்ளின்னு பெட்டில பூட்டி வெச்சிருந்தது, நூத்துக்கு அறுபது பங்கு தான் வெள்ளி, மீதி செம்பு.

ரோம்லயும் இதே கூத்து தான். அகஸ்டஸ்னு ரோமோட மொத சக்கரவர்த்தி, அவரு காலத்துல தினேரியஸ்னு ஒரு காசு, கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கி.பி. 64ல ராஜா நீரோ வந்து எடையையும் கொறச்சான், வெள்ளியையும் கொறச்சான். இதுல நம்மாளுங்க இருக்காங்களே, செம்ம கில்லாடிங்க. கோயம்புத்தூர் பக்கம் பொதையலா கெடச்ச ரோம் வெள்ளிக் காசுல முக்காவாசி அகஸ்டஸ், டைபீரியஸ் அடிச்சது தான், நீரோ கொறச்சு அடிச்ச காசு ரொம்ப அபூர்வம். மிளகு விக்கிறவன் உரசிப் பாக்காமயா வாங்கிருப்பான்?

சரி, எதுக்கு கலக்கணும்? பட்டாளத்துக்கு சம்பளம் குடுக்க. அவங்க ஆட்டம் எந்தளவுக்குன்னா, 193ல ராஜாவோட மெய்க்காவல் படையே ராஜாவ போட்டுத் தள்ளிட்டு சிம்மாசனத்த ஏலம் விட்டுச்சு, சத்தியமா, காசிமேட்டுல விடியக்காலைல வஞ்சிரம் ஏலம் போற மாதிரி! டிடியஸ் ஜூலியானஸ்னு ஒரு பணக்காரன் சிப்பாய் தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் (அதுவும் ரோம் காசு தான்) தர்றேன்னு எடுத்தான். 66 நாள் தான், ஆளையே முடிச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் வந்த செப்டிமியஸ் செவரஸ் 211ல சாவப்போற நேரத்துல ரெண்டு பசங்களையும் கூப்ட்டு, ஒத்துமையா இருங்க, பட்டாளத்துக்கு அள்ளிக் குடுங்க, மத்தவன் எவனையும் கண்டுக்காதீங்கன்னு சொன்னாராம். பெரியவன் காரகல்லா அந்த வருஷமே தம்பியக் கொன்னுட்டான், சம்பளத்த மட்டும் கரெக்டா ஏத்தினான். அதுக்கு ஒரு புது காசு வேற, ரெண்டு தினேரியஸ்னு பேரு, உள்ள இருக்கறது ஒன்றரைக்கான வெள்ளி தான். 260கள் முடியறப்ப அந்தக் காசுல 5 சதவீதம் கூட வெள்ளி இல்ல, மேல பூச்சு அவ்ளோதான். விலைவாசி எகிறிருச்சு, கவர்மென்ட்டே வரிய தானியமா துணியா வாங்க ஆரம்பிச்சிருச்சு, இன்னா அர்த்தம், அவன் அடிச்ச துட்ட அவனே நம்பல.

காசு ஒண்ணு தான் காரணம்னு சொன்னா நான் உங்கள டபாய்க்கிறேன்னு அர்த்தம். ஏன்னா அப்புறம் வந்த ராஜா கான்ஸ்டன்டைன் சொலிடஸ்னு நல்ல தங்கக் காசு அடிச்சான், பின்னாடி ராஜ்ஜியம் கிழக்கு, மேற்குன்னு ரெண்டாப் பிரிஞ்சப்ப கிழக்குல அது பல நூறு வருஷம் ஓடுச்சு, அந்தப் பக்கத்து ராஜ்ஜியமும் 1453 வரைக்கும் தாக்குப் புடிச்சுது. மேற்குல தான் காசு நல்லா இருந்தும் கல்லா காலி. 408ல அலாரிக்னு கோத் கூட்டத்து ராஜா ரோம வளைச்சுகினு தங்கம், வெள்ளி, பட்டு, கூடவே 3,000 பவுண்டு மிளகு கேட்டான், மிளகு நம்மூர்ப் பக்கத்து சரக்கு பாருங்க. குடுத்தும் பிரயோஜனம் இல்ல, 410ல உள்ள பூந்துட்டான். என்னக் கேட்டா அதவிடப் பெரிய அடி 439ல வட ஆப்பிரிக்கால இருக்கற கார்த்தேஜ் ஊரு வண்டல்ஸ்ன்ற கூட்டத்து கைக்குப் போனது தான், வரியும் கோதுமையும் கொட்டுன எடம் அது, அது போச்சுன்னா பட்டாளத்துக்கு எங்கேந்து குடுக்கறது?

476ல கூலிப்படை வந்து காசு கூட கேக்கல, இத்தாலில மூணுல ஒரு பங்கு நிலம் குடுன்னுச்சு. பையன ராஜாவாக்கிட்டு பின்னாடி இருந்து ஆண்ட ஒரெஸ்டெஸ் முடியாதுன்னான், அவன வெட்டிட்டு அந்தப் படையோட தலைவன் ஓடோசர் ஒக்காந்தான், மேற்கு ரோம் கதை அத்தோட முடிஞ்சுது. அந்தப் பையன், ரோமுலஸ் அகஸ்டுலஸ், சின்னப் பையன் பாவம்னு விட்டுட்டாங்க, வருஷத்துக்கு 6,000 சொலிடஸ் பென்ஷனோட. அசல் தங்கம்பா, கல்லுல உரசினாலும் நிக்கும்.

சரி, போலீஸ் அண்ணா வண்டிய எடுக்கச் சொல்றாரு, கெளம்பறேன்.