ராரிட்டன் விரிகுடாவில் ஒரு மாலை: கயாக்கில் ஸ்ட்ரைப்பர் தேடி

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கேட்கிறதா? மைக்கின் மேல் பஞ்சு உறை மாட்டியிருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது. நியூஜெர்சியில் கீபோர்ட் படகுத் துறையில் நிற்கிறேன். காலால் மிதித்து ஓட்டுகிற கயாக் என்ற சிறுபடகில் ஸ்ட்ரைப்பர் மீன் தேடிப் போகிறேன். மே மாதம் நடுப்பகுதி, மணி ஐந்தரை. அலுவலக லேப்டாப் இன்னும் காரின் பின்சீட்டில்தான் கிடக்கிறது. சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும், ஆகவே இரண்டரை மணி நேரம் கையில் இருக்கிறது.

முதலில் காற்றைப் பார்க்கலாம். இன்று தெற்குக் காற்று. நமக்குப் பின்னால் தெற்கே கரை, எதிரே வடக்கில் தெரிவது ஸ்டேட்டன் தீவு. அதாவது காற்று கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசுகிறது. கரையோரம் பாருங்கள், எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் ஏமாறுவார்கள். போகும்போது சுகமாகத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது தொடை கழன்றுவிடும். ஓதமும் வற்றத் தொடங்கிவிட்டது. வற்றுகிற நீர் கிழக்கே சாண்டி ஹூக் மணல்முனையைத் தாண்டிக் கடலுக்குப் போகும். அதனால் முதலில் மேற்கே, ஓட்டத்துக்கு எதிராக மிதிக்கப் போகிறேன். களைத்த பிறகு நீரே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இந்த வெயிலில் எதற்கு இந்த விண்வெளி வீரர் வேடம் என்று கேட்பீர்கள். வெளியே 24 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 14 தான். காற்றுக்கு உடுத்தக் கூடாது, தண்ணீருக்கு உடுத்த வேண்டும். கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடத்தில் குளிர் அதிர்ச்சியில் மூச்சு முட்டிவிடும். அதனால் ட்ரைசூட் என்ற நீர் புகாத உடை, அதன் மேல் மிதவைச் சட்டை, சட்டையில் வி.எச்.எப். ரேடியோ. அது அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் இருக்கிறது. உள்ளே இட்லி போல வெந்துகொண்டிருக்கிறேன், பரவாயில்லை.

சரி, தண்ணீருக்குள் வந்துவிட்டோம். கரையிலிருந்து ஒரு மைல் இருக்கும். அதோ, வடகிழக்கே நூல் கட்டியது போலத் தெரிகிறதே, அதுதான் வெரசானோ பாலம். இந்தப் பக்கம் தண்ணீரைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சீராக இருக்க, இங்கே மட்டும் மழைத் தூறல் விழுவது போல நடுங்குகிறது. அடியில் பங்கர் கூட்டம். மென்ஹேடன் என்பதுதான் பெயர், இங்கே எல்லோரும் பங்கர் என்பார்கள். நம் மத்திக்கு உறவுக்காரன், உடம்பெல்லாம் எண்ணெய். இலங்கை நண்பர் ஒருவரிடம் "நாளைக்குப் பங்கர் பிடிக்கப் போகிறேன்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் என்னையே பார்த்தார். அவர் ஊரில் பங்கர் என்றால் பதுங்குகுழி.

இந்தக் கூட்டத்துக்குக் கீழேதான் ஸ்ட்ரைப்பர் சுற்றும். வாய் கொஞ்சம் நம் கொடுவா மாதிரி. வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடு. கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் சாதி. ஹட்சன், டெலவர், செசபீக் பக்கத்து ஆறுகள், இவைதான் பெரிய பிறந்தவீடுகள். வசந்தத்தில் ஆற்றுக்குப் போவதும் வருவதுமாக இந்த விரிகுடாவில் நின்று தின்னும்.

இரைக்கு ஒரு பங்கர் வேண்டும். கனமான மும்முள்ளை, அதாவது மூன்று முனைத் தூண்டில் முள்ளை, கூட்டத்துக்குள் எறிந்து சுண்டினால் எங்காவது குத்திக்கொண்டு வரும். முன்பெல்லாம் அந்த மும்முள்ளோடு அப்படியே இரையாகக் கீழே விட்டுவிடுவார்கள். 2021லிருந்து அது கூடாது. இயற்கை இரை என்றால் வளைமுள், அதாவது சர்க்கிள் ஹூக்தான். மும்முள் தொண்டைக்குள் போய்க் கிழிக்கும், வளைமுள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். இதோ, மூக்கு வழியாகக் கோர்த்தாயிற்று. போ ராசா, நீந்து.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? தங்கூசியில் விரலை வைத்திருக்கிறேன். பங்கர் சும்மா நீந்தும்போது மெல்ல ஆடும். பெரியவன் பக்கத்தில் வந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். இப்போது... இதோ, அடிக்கிறது. அடிக்கிறது. எடுத்துவிட்டான்!

ச்சே.

போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். வளைமுள்ளில் சுண்டக் கூடாது. மீன் இரையோடு திரும்பி ஓடும்வரை பொறுத்து, மெதுவாகச் சுற்றினால் தானே மாட்டிக்கொள்ளும். சின்ன வயதில் குளத்தில் மண்புழு வைத்துக் கெண்டை பிடித்த கை இது. தக்கை அமுங்கினால் சுண்டு என்றுதான் அதற்குத் தெரியும். நாலு வருடமாகச் சொல்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறது.

மணி ஏழே கால். நடுவில் ஒரு பங்கர் பாதியாகத் திரும்பி வந்தது, தலை மட்டும். அது ப்ளூபிஷ் வேலை. வாய் நிறையக் கத்தி வைத்திருக்கிற ரவுடி. சரி, புது இரை போட்டு... இரு, இரு. போகிறது. சுண்டவில்லை. சுண்டவே இல்லை. மாட்டிக்கொண்டது!

கயாக்கையே இழுக்கிறது, பாருங்கள். மூக்கு தானாகத் திரும்புகிறது. இழுக்கட்டும், படகை இழுத்து இழுத்துத்தான் அது களைக்கும். கம்பைப் பக்கவாட்டில் வைத்தால் நான் கவிழ்வேன், முன்னால் நீட்டினால் தப்பித்தேன்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று இலேசான கம்பைக் கொண்டுவந்தது முட்டாள்தனம். இதோ வலைக்குள். அடேயப்பா! அளவுப் பலகை நனைந்திருக்கிறது, வைத்துப் பார்க்கிறேன். வால் நுனிவரை 36 அங்குலம்.

இதை எடுக்க முடியாது மக்களே. 28லிருந்து 31 அங்குலத்துக்குள் இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் நாளுக்கு ஒன்று. தனி அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுக்கு வேறு கணக்கு உண்டு, நான் வாங்கவில்லை. மீதியைப் பிறகு பேசுகிறேன், முதலில் இது நீந்த வேண்டும். கீழ்உதட்டைப் பிடித்து, தலையை முன்னால் வைத்து, மெதுவாக மிதிக்கிறேன். செவுள் வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும். வா தாயே, மூச்சு விடு. இந்த அளவு என்றால் பெண்ணாகத்தான் இருக்கும். பத்து வயதை ஒட்டி இருக்கலாம், வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை சுமந்தவள்.

கடித்தாள், கட்டைவிரலைக் கடித்தாள். நல்ல சகுனம். வாலை அடித்தாள். போய்விட்டாள்.

அப்பாடா. எத்தனை நிமிடம் பிடித்தது பார்த்தீர்களா? என் மேல்தான் எனக்குக் கோபம். விடுகிற மீனில் நூற்றுக்கு ஒன்பது பிறகு செத்துப்போகும் என்று அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையமே கணக்கு வைத்திருக்கிறது. "விட்டுவிட்டேன், நான் நல்லவன்" என்று கேமராவைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். இலேசான கம்பில் பத்து நிமிடம் அலைக்கழித்துவிட்டு விட்டால் அந்த ஒன்பதில் ஒன்றை நானே தயார் செய்கிறேன் என்று அர்த்தம். அடுத்த முறை கனத்த கம்புதான்.

இந்த மூன்று அங்குல இடுக்கு எனக்கும் எரிச்சல்தான். 2023 வரை நியூஜெர்சியில் 38 அங்குலத்துக்குள் இருந்தால் எடுக்கலாம் என்றிருந்தது. ஆனால் 2015ல் பிறந்த நல்ல கூட்டம் சரியாக அந்த அளவுக்குள் வளர்ந்து வந்துகொண்டிருந்தது. 2019லிருந்து செசபீக்கில் குஞ்சுகள் வரத்தும் மோசம். இருப்பதையும் தின்றுவிட்டால் பின்னால் வர ஆள் இல்லை. 1980களில் இந்த மீன் படுமோசமாகக் குறைந்து, மேரிலாந்து 1985லிருந்து 1990 வரை பிடிக்கவே கூடாது என்று தடை போட்டது. மீண்டுவிட்டது என்று அறிவிக்க 1995 ஆயிற்று. அதனால் முணுமுணுத்துக்கொண்டே அளக்கிறேன்.

குழம்பு வைக்கிற ஆசை இருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தப் பக்கத்து மீனில் பிசிபி என்ற பழைய தொழிற்சாலை ரசாயனம் சேர்ந்திருக்கிறது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இதைச் சாப்பிட வேண்டாம் என்பது மாநில அரசின் அறிவுரை. வீட்டில் குழந்தை இருக்கிறாள், ஆகவே அளவுக்குள் மாட்டினாலும் என் தட்டுக்கு மட்டும்தான்.

இருட்டிவிட்டது. பின்னால் கம்பத்தில் வெள்ளை விளக்கு எரிகிறது. நினைத்ததைவிடக் கிழக்கே தள்ளிவந்துவிட்டேன், யூனியன் பீச் விளக்குகள் நேர் எதிரே. காற்று முகத்தில். தொடையைப் பற்றிப் பேச வேண்டாம். கட்டைவிரலைக் காட்டுகிறேன், தெரிகிறதா? உப்புத்தாளில் தேய்த்தது போல. அவள் வாயின் பல் அப்படித்தான், குத்தாது, உரசும்.

என்ன சத்தம் அது? இடது பக்கம். மறுபடியும். பெரிதாக ஏதோ புரட்டியது. ஒரே ஒரு வீச்சு, ரப்பர் மீன் கட்டிய கம்பு தயாராகத்தான் இருக்கிறது. எறிந்தாயிற்று... சுற்றுகிறேன்... டக்! ஓ... விட்டுவிட்டான்.

விளக்கில் பார்க்கலாம். வாலைக் காணோம். வெட்டு பாருங்கள், கத்திரிக்கோல் போட்ட மாதிரி. அதே ரவுடி. இன்றைக்குக் காலையில்தான் பிரித்த பாக்கெட்.