வான்போரின் எட்டாவது விதியை எழுதியவர் எப்படி இறந்தார்?

[திரையில்: மேகம் மூடிய வெறும் வானம்]

1916 அக்டோபர் 28, முதல் உலகப் போர். வட பிரான்சின் வானத்தில் ஆறு ஜெர்மானிய விமானங்கள், இரண்டு பிரிட்டிஷ் விமானங்கள். பந்தயம் கட்டச் சொன்னால் எந்தப் பக்கம் கட்டுவீர்கள்? கட்டிய பணம் போயிற்று! பிரிட்டிஷ்காரர்கள் இருவரும் தப்பிவிட்டார்கள். இறந்தவர், 40 விமானங்களை வீழ்த்தி அன்று எல்லோருக்கும் முன்னால் நின்ற ஜெர்மானிய விமானி ஆஸ்வால்ட் போல்கே. வயது 25.

பூர்வீகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: 1891-ல் ஹாலே நகரை ஒட்டிப் பிறந்தவர், பள்ளி ஆசிரியரின் மகன், சிறுவயதில் ஆஸ்துமா, முதலில் தந்திப் படைப்பிரிவு, 1914-ல் விமானி. போதும். எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

[திரையில்: ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானத்தின் மூக்கு, அருகிலிருந்து]

இந்தத் துப்பாக்கியைப் பாருங்கள். அதன் வாய்க்கு நேர் எதிரே விமானத்தின் விசிறி. சுட்டால் சொந்த விசிறியே சிதறும். பிரெஞ்சு விமானி ரோலண்ட் கரோஸ் என்ன செய்தார் தெரியுமா? விசிறி இலைகளில் இரும்புத் தகடு பொருத்தினார். படுகிற குண்டு தெறித்து ஓடட்டும் என்று! துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா? எனக்கு இரண்டும்தான் தெரிகிறது.

1915-ல் ஜெர்மனியின் ஃபோக்கர் விமானத்தில் வந்த ஏற்பாடு வேறு. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தில் ஒரு மேடு. விசிறி இலை குழல்வாயைக் கடந்த பிறகு அந்த மேடு ஒரு தண்டைத் தள்ளும்; தண்டு துப்பாக்கியின் விசையைத் தட்டும். நிமிடத்துக்கு 1200 சுற்று, இரண்டு இலைகள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 40 முறை இலை குறுக்கே வருகிறது. வீட்டு மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, இலையில் படாமல் கடலையை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வீசிப் பாருங்கள். வேண்டாம், வீசாதீர்கள், அம்மாவிடம் அடி வாங்கினால் நான் பொறுப்பில்லை.

இந்த விமானத்தில்தான் போல்கேயும் அவருடைய சகா மாக்ஸ் இம்மெல்மானும் பெயரெடுத்தார்கள். 1916 ஜனவரியில் இருவருக்கும் ஒரே நாளில், ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் உயரிய விருது. நடுவில் ஒன்று: ஜெர்மானியர் பிடித்திருந்த துவே நகரில் கால்வாயில் மூழ்கிய பிரெஞ்சுச் சிறுவனை போல்கே குதித்துக் காப்பாற்றினார். எதிரி நாட்டுப் பிள்ளை! அதற்கும் ஒரு பதக்கம் கிடைத்தது.

ஜூன் மாதம் இம்மெல்மான் இறந்ததும், போல்கேயையும் இழக்க அஞ்சிய ஜெர்மானியப் பேரரசர் கைசர் அவர் பறக்கத் தடை போட்டார். அந்தக் கோடையில் போல்கே எழுதியவைதான் வான்போரின் எட்டு விதிகள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள். நெருங்கிய பிறகு சுடு. மேலிருந்து ஒருவன் பாய்ந்தால் ஓடாதே, அவனை நோக்கித் திரும்பு. திண்ணைப் பெரியவர் சொல்வதுபோல் இருக்கிறதல்லவா? அதற்குமுன் இப்படி யாரும் வரிசைப்படுத்திச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

தடை நீங்கியதும் புதிய படை அமைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இளைஞர்களில் ஒருவர் மான்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபன். ஆம், பின்னாளில் அந்தப் போரிலேயே அதிக விமானங்களை வீழ்த்திய அதே 'சிவப்பு பாரன்'.

எட்டாவது விதியை நான் இன்னும் சொல்லவில்லை. 'குழுவாகத் தாக்குங்கள், சண்டை தனித்தனியாகப் பிரிந்தால், ஒரே எதிரியைப் பலர் துரத்தாதீர்கள்.'

[திரையில்: இரண்டு விமானங்கள், ஒரே இலக்கு]

அக்டோபர் 28-ல் போல்கேயும் அவருடைய நண்பர் எர்வின் பொய்மேயும் ஒரே விமானத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ரிக்தோஃபனிடமிருந்து தப்பிய மற்றொன்று திடீரெனக் குறுக்கே பாய்ந்தது. இருவரும் விலகினார்கள். பொய்மேயின் சக்கரம் போல்கேயின் மேல் இறக்கையில் உரசியது. உரசல்தான், ஆனால் இறக்கை தாங்கவில்லை. போல்கே தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவசரத்தில் இருக்கைப் பட்டையையும் சரியாக மாட்டவில்லை.

கம்ப்ரே நகரில் இறுதி அஞ்சலி. பதக்கங்கள் வைத்த மெத்தையை ஏந்தி நடந்தவர் ரிக்தோஃபன். பிரிட்டிஷ் விமானப் படையும் வானிலிருந்து ஒரு மலர்வளையம் போட்டது, 'எங்கள் வீரமும் பெருந்தன்மையும் மிக்க எதிரிக்கு' என்று எழுதி.

உங்கள் விமானத்தின் சக்கரம் உரசி நண்பர் இறந்திருந்தால், மீண்டும் விமானத்தில் ஏறுவீர்களா? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். பொய்மே ஏறினார்.