திரையை இழுத்தால் சுருங்குமா?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு.

மருத்துவ மாணவனுக்கு முதல் பாடம் நோயறியும் திறமையா, நோயாளியின் மானம் காப்பதா? திறமைதான் என்ற எதிரணி நண்பர், போகிற போக்கில் "கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டால் வீங்கிய மண்ணீரல் சுருங்கிவிடுமா?" என்று, மானம்தான் என்ற எங்களைக் கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, மண்ணீரலுக்கே வருகிறேன். நான் மாணவனாக இருந்தபோது வார்டில் ஒரு பாட்டி. பெயர் எங்களுக்குத் தெரியாது. '14ஆம் பெட் ஸ்ப்ளீன்', அதாவது மண்ணீரல், அவ்வளவுதான். "அருமையான ஸ்ப்ளீன், எல்லோரும் தொட்டுப் பாருங்கள்" என்றார் பேராசிரியர். 12 பேர் வரிசை கட்டினோம். முதல் ஆள் வயிற்றில் கை வைத்து, "மூச்சை இழுங்க" என்றான். இழுத்தார். இரண்டாவது ஆள், "மூச்சை இழுங்க." இழுத்தார். ஆறாவது ஆள் வாய் திறக்கும் முன்பே இழுத்துவிட்டார்! எட்டாவது ஆள் கல்லீரல் பக்கமே தடவிக்கொண்டு நின்றான். பாட்டியே அவன் கையைப் பிடித்து, "அங்க இல்ல தம்பி, இடப்பக்கம், விலாவுக்குக் கீழ" என்று வைத்தார். நடுவர் அவர்களே, அன்று பாடம் நடத்தியது யார்?

திரையைக் கேலி செய்த நண்பரே, உங்கள் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் எப்படிப் பிறந்தது? 1816, பாரிஸ். லேனெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தார். நெஞ்சில் நேராகக் காதை வைத்துக் கேட்கும் காலம். லேனெக்குக்கு அது முறையாகப் படவில்லை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, அதன் வழியே கேட்டார். முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது! கூச்சத்தை மதித்ததில் திறமை கூடியதா, குறைந்ததா?

அப்படியும் 200 வருஷம் கழித்து நிலைமை என்ன? மயக்க மருந்தில் கிடக்கும் பெண்ணிடம் கேட்காமலே மாணவர்களை உள்பரிசோதனை பழகவிட்டார்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள் என்று மருத்துவமனைகளுக்கு அமெரிக்க அரசு சொன்னது 2024இல்தான். நண்பர் இந்தப் பக்கமே வரவில்லை. வரமாட்டார்.

அந்த வரிசையில் பன்னிரண்டாவது ஆள் நான். "நீதான் கடைசியா தம்பி?" என்றார் பாட்டி.

"ஆமா பாட்டி."

"அப்போ போர்வையை இழுத்து விட்டுட்டுப் போ."

ஸ்ப்ளீன் கையில் தட்டுப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் பேராசிரியர் பின்னால் ஓடிவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த கையால், காலடியில் கிடந்த போர்வையை அவரே எட்டி எட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. அமர்கிறேன்.