சாவி ஒருவரிடம், சிகிச்சை வேறொருவரிடம்

வணக்கம் நேயர்களே. தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு அரசு தரும் வாடகை வீடுகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வீடும் வேண்டும், கவனித்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: வீடு கொடுப்பவரும் கவனித்துக்கொள்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

இரண்டும் ஒரே கையில் இருந்தால், “மாத்திரை சாப்பிடாவிட்டால் காலி செய்” என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. குடியிருப்பவர் தானாகவே அப்படி நினைத்துக்கொள்வார். நாலு நாளாகத் தூக்கமில்லை, மறுபடி குரல்கள் கேட்கின்றன என்பதை யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ, அவரிடமே மறைப்பார். ஆகவே வாடகை ஒப்பந்தம் தனி, ஆதரவுச் சேவை தனி. ஒன்று முறிந்தால் மற்றது முறியக் கூடாது.

இது புதுச் சரக்கும் இல்லை. 1992இல் நியூயார்க்கில் சாம் ட்செம்பெரிஸ் என்ற உளவியலாளர் ‘ஹவுஸிங் ஃபர்ஸ்ட்’, அதாவது ‘முதலில் வீடு’ என்ற முறையைத் தொடங்கினார். தெருவில் இருப்பவரிடம் முதலில் குடிப்பழக்கத்தை விடு, சிகிச்சைக்கு வா என்று நிபந்தனை போடாமல் நேராக வீட்டுச் சாவியைக் கொடுத்தார். கேட்டது இரண்டுதான்: வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, பணியாளர் வந்து பார்க்க அனுமதி. கனடா 2009 முதல் ஐந்து நகரங்களில், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. இப்படி வீடு பெற்றவர்கள், வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களைவிட நிலையாகக் குடியிருந்தார்கள். நோய்க்குறிகளோ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. வீடு வீட்டின் வேலையைச் செய்யும். மருந்தின் வேலையையும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

இனி என் வழக்கமான புலம்பலுக்கு வருகிறேன். கடிதங்கள்!

ஒருவர் மருத்துவமனையில் சேர்கிறார். ஆறு வாரம் ஆகிறது. அதற்குள் உதவித்தொகையைப் புதுப்பிக்கும் படிவம் வீட்டுக்கு வருகிறது. பிரிக்க ஆளில்லை. படிவம் திரும்பிப் போகாததால் உதவித்தொகை நிற்கிறது. அது நின்றதும் வாடகை நிற்கிறது. பிறகு நினைவூட்டல், எச்சரிக்கை, கடைசியில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்து கதவைத் தள்ளினால் உள்ளே உறைகள் குவிந்து கிடக்கின்றன. அந்தக் குவியலைப் பார்த்த பயத்திலேயே ஒன்றைக்கூடப் பிரிப்பதில்லை. அலுவலகக் கோப்பில் எப்படிப் பதிவாகும் தெரியுமா? “மூன்று முறை தெரிவித்தும் பதில் இல்லை.” யாருக்குத் தெரிவித்தார்கள்? கதவுக்குத்தான் தெரிவித்தார்கள்!

இதற்குப் பெரிய செலவில்லை. குடிவரும்போது, ஆள் தெளிவாக இருக்கும் நாளில், ஒரு பக்கச் சம்மதப் படிவம் எழுதி வாங்கலாம். வாடகை தவறினால் யாரைக் கூப்பிடுவது, மாற்றுச் சாவி யாரிடம், உதவித்தொகையிலிருந்து வாடகையை நேராகப் பிடிக்கலாமா, மருத்துவமனையில் இருக்கும்போது வீட்டை யார் பார்ப்பது. இவ்வளவு போதும். என்ன நோய் என்று அதில் எழுதக் கூடாது. வாடகை வசூலிப்பவருக்கு அது வேண்டாத விஷயம். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். முதல் வாடகை தவறிய வாரமே தொலைபேசி, அதற்கும் பதில் இல்லையென்றால் நேரில் ஆள். கடிதம் அதற்குப் பிறகுதான். பணியாளரும் உள்ளே போனதும் உறைகளைக் கேட்டு வாங்கி, அவரோடு உட்கார்ந்து பிரிக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், கடிதம் கடைசியில்தான்.

வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியவை உண்டு. புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி இறங்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை ‘கீச்’ என்று கத்தும். ஏற்கெனவே குரல்கள் கேட்பவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. இரண்டாம் இரவு கருவியைப் பிய்த்தெறிவார். ‘வீட்டுச் சொத்துக்குச் சேதம்’ என்று பதிவாகும். பத்தாண்டு நீடிக்கும் பேட்டரியோடு வரும் கருவியை மாட்டினால் இந்த வழக்கே இல்லை. காற்றோட்டமும் முக்கியம். மனநோய் மருந்துகள் பல, உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கின்றன. லித்தியம் என்ற மனநோய் மருந்தைச் சாப்பிடுபவருக்கு உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வெயில் நேராக இறங்கும் மேல்மாடி அவர்களுக்கு ஆபத்து. இன்னொன்று, காலை ஒன்பது மணிக்கு வீட்டுச் சோதனை வைக்காதீர்கள். இரவு மருந்தின் மயக்கம் தெளிந்திருக்காது. கதவு திறக்காததை ஒத்துழையாமை என்று எழுதிவிடுவீர்கள்.

பணியாளர் கணக்குக்கு வருவோம். மிகத் தீவிரமான நிலையில் இருப்பவர்களுக்குக் குழுவில் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர். சற்றுத் தேறியவர்களுக்கு இருபது பேருக்கு ஒருவர். அதற்கு மேல் போனால் அவர் அவசர அழைப்புகளுக்கு மட்டுமே ஓடுவார். உறைகளைப் பிரிக்க யார் இருப்பார்கள்?

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. டிஸ்சார்ஜ் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள். வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, மருந்து திங்கள் தாண்டிப் போதுமா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள். இதே நோயிலிருந்து மீண்டவர்களைப் பணியாளர்களாக, முழுச் சம்பளத்தோடு, சேர்ப்பது பற்றி இன்னொரு நாள் அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.