பழைய கையுறை எங்கே கிழிந்தது?

நேயர்களுக்கு வணக்கம். நீண்ட நாள் உழைக்கும் கையுறையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பலரிடமும் பதில் தயாராக இருக்கும்: தடிமனாகப் பார்த்து வாங்கு, அதுதான் தாங்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடித்த கையுறைக்குள் விரல் சரியாக மடங்காது. பிடி நழுவும். நழுவாமல் இருக்க இன்னும் இறுக்கிப் பிடிப்போம், கை சீக்கிரமே ஓய்ந்துபோகும். அப்புறம் கையுறையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்கையால் வேலை நடக்கும். கழற்றி வைத்த கையுறை பத்து வருடம்கூட உழைக்கும், அதனால் யாருக்கு என்ன பயன்?

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பழைய கையுறையைத் தேடி எடுங்கள். கிழிந்ததுதான் வேண்டும். அது எந்த இடத்தில், எப்படிப் போயிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து வாங்க வேண்டியது எது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளங்கை தேய்ந்து மெலிந்திருந்தால், உங்கள் வேலையில் உராய்வு அதிகம். மண்வெட்டிப் பிடி, கயிறு, செங்கல், கருங்கல் எல்லாம் இந்த வகை. இதற்குத் தோல் நல்லது. ஆனால் தோல் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மாட்டுத்தோலை இரண்டாகப் பிளந்து, அடிப்பக்கத்தை எடுத்துச் செய்வது சொரசொரப்பாக, கம்பளி போல் இருக்கும். முரட்டு வேலைக்கு அது போதும், விலையும் குறைவு. மேல்பக்கத் தோல் வழவழப்பானது, நன்றாக வளையும், ஈரத்தையும் சற்றுத் தாங்கும். ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தாலும் இழுவைக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆணி, திருகு என்று சின்னச் சின்னப் பொருள்களைக் கையாளுகிறவர்கள் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். பன்றித்தோலில் துளைகள் இருப்பதால் காற்றுப் போகும், நனைந்து காய்ந்த பிறகும் அவ்வளவாக விறைக்காது.

சில கையுறைகளில் தோல் அப்படியே இருக்கும், தையல் மட்டும் விட்டிருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டில்தான் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் எதைப் பிடித்தாலும் இழுவை அங்கேதான் விழுகிறது. இங்கே குறை தோலில் இல்லை. அடுத்த முறை அந்தக் கவட்டில் கூடுதலாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா, தையல் இரட்டை வரிசையா என்று பாருங்கள். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும், பாலியெஸ்டர் நூல் நிற்கும். தோலை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு நூலைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

கையுறை மேல் பூசிய ரப்பர் பூச்சு பிசுபிசுத்து உப்பிப் போயிருக்கிறதா? அநேகமாக அது லேட்டக்ஸ் ரப்பராக இருக்கும், நீங்கள் எண்ணெயிலோ கிரீஸிலோ கை வைத்திருப்பீர்கள். லேட்டக்ஸ் ஈரத்தில் அருமையாகப் பிடிக்கும், எண்ணெய் பட்டால் கெட்டுப்போகும். சிலருக்கு அது ஒவ்வாமையும் தரும். எண்ணெய் வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூச்சுதான் சரி. அதற்காக நைட்ரைல் எல்லா ரசாயனத்துக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். நகப்பூச்சை நீக்கப் பயன்படும் அசிட்டோன் அதை விரைவிலேயே ஊடுருவிவிடும்.

ஈரச் சிமென்ட் தனிக்கதை. அது சருமத்தை அரிக்கும் கடும் காரம். காரமா அமிலமா என்று காட்டும் பிஎச் அளவில் 7 நடுநிலை, இதற்கு 12-க்கு மேல். தோல் கையுறையோடு கலவையில் கை வைத்தால் தோல் அந்த நீரை உறிஞ்சி, நம் சருமத்தோடு மணிக்கணக்கில் ஒட்டவைத்திருக்கும். புண் வந்த பிறகுதான் எரிச்சலே தெரியும். உள்ளங்கையில் மட்டும் பூச்சு உள்ள கையுறையிலும் இதே சிக்கல்தான், புறங்கைப் பின்னல் வழியாக நீர் இறங்கிவிடும். முழுவதும் பூச்சுள்ள, மணிக்கட்டைத் தாண்டி நீளும் நைட்ரைல் அல்லது பிவிசி கையுறை வேண்டும். உள்ளே சிமென்ட் நீர் போய்விட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவுங்கள்.

கையுறை கோடு போட்டதுபோல் வெட்டுப்பட்டிருந்தால் தகடும் கண்ணாடியும் உங்கள் எதிரிகள். வெட்டைத் தாங்கும் நூலில் பின்னிய கையுறைகள் இப்போது மெல்லியதாகவே கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு நூல்கள் பரவலாக உண்டு. ஒன்று வலுவூட்டிய பாலிஎத்திலீன். வெட்டைத் தாங்கும், சூட்டைத் தாங்காது, 150 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். மற்றொன்று அராமிட், கெவ்லர் என்ற பெயரில் பலரும் அறிந்தது. அது சூட்டைத் தாங்கும், ஆனால் வெயிலில் கிடந்தால் வலு குறையும். குளோரின் பிளீச் போட்டுத் துவைத்தாலும் கெட்டுவிடும்.

சரி, கடையில் ஒரு கையுறையைத் திருப்பினால் சுத்தியல் படமும் அதன் கீழே சில எண்களும் இருக்கலாம். அது ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தரக்குறியீடு. முதல் எண் உராய்வுக்கு, 4 வரை போகும். உள்ளங்கைத் துண்டை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார்கள். 100 சுற்று தாங்கினால் 1, 8000 சுற்று தாங்கினால் 4. அடுத்தடுத்த எண்கள் வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றுக்கு. அதற்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து வரும், 2016-இல் சேர்த்தது. கடினமான நூல்கள் சோதனைக் கத்தியையே மழுக்கிவிட்டதால், வெட்டுக்கு இன்னொரு சோதனை தேவைப்பட்டது. எழுத்து இருந்தால் வெட்டுக்கு அதையே நம்புங்கள், எஃப் உச்சம். எக்ஸ் என்று போட்டிருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள்.

தோட்ட வேலை செய்கிறவர்கள் குத்துக்கான எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. அந்தச் சோதனையில் குத்துவது 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கம்பி. முள் அதைவிடப் பல மடங்கு மெல்லியது, பின்னல் இடுக்கில் வழி கண்டுபிடித்து நுழைந்துவிடும். முள் செடிக்குப் பின்னல் கையுறை வேண்டாம், முழங்கை வரை மூடும் கெட்டித் தோல்தான்.

எந்தக் கையுறையும் போடக் கூடாத இடமும் உண்டு. டிரில்லிங் மெஷின், லேத் போன்று சுழலும் எதன் அருகிலும் கையுறை ஆகாது. நுனி மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும், கையுறை எவ்வளவு உறுதியோ அவ்வளவு ஆபத்து. மின்சார வேலைக்கும் சாதாரண ரப்பர் கையுறை உதவாது. அதற்கென்று சோதித்து, எத்தனை வோல்ட் வரை என்று குறித்து விற்பவை தனி.

இனி அளவு. விரல் நுனிகள் மட்டும் ஓட்டையாகியிருந்தால், தொழிலைக் குறை சொல்வதற்கு முன் அளவைச் சந்தேகப்படுங்கள். பெரிய கையுறையில் விரல் நுனி வெறுமையாக நீட்டிக்கொண்டு எல்லாவற்றிலும் உரசும். சின்னதில் நுனி முட்டி முட்டிப் பிய்யும். பெருவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கையைச் சுற்றி நாடா வைத்து அளந்து பாருங்கள். ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வந்தால் 8-ஆம் அளவு, 23 வந்தால் 9-ஆம் அளவு. கடையில் போட்டுப் பார்க்கும்போது முஷ்டி மடக்குங்கள், தரையில் கிடக்கும் ஒரு திருகாணியை எடுங்கள். எடுக்க முடியாவிட்டால் வேலையிடத்திலும் முடியாது.

முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்த தோலை அடுப்புப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ காயப்போட்டால் விறைத்து வெடிக்கும். நிழலில் காற்றாட விரல்களைக் கீழ்நோக்கித் தொங்கவிடாமல் வாய்ப்பக்கம் திறந்திருக்கும்படி வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும். காய்ந்ததும் தோலுக்கான எண்ணெயைக் கொஞ்சம் தடவலாம். வணக்கம்.